பால் ஊற்றும் இடம்

1

மெல்பர்னில் டிசம்பர் என்றால் வெயில். இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு இது ஒத்துவரவில்லை. டிசம்பர் என்றால் கடலூரில் மழை விட்டும் விடாத மாதம், துவைத்த துணி காயாமல் நாறுகிற மாதம். இங்கே ஜனங்கள் கடற்கரையில் குப்புறப் படுத்து முதுகைக் காய வைக்கிறார்கள். இந்த மாதத்தில் கடற்கரைக்குப் போக இவர்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறது என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுடைய கடல் அவர்களை ஒன்றும் செய்யவில்லை.

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்டால் நகராட்சி வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுசாகச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். தெருவில் பெய்கிற மழைத்தண்ணீர் வண்டி எண்ணெய், நாய்ப் பீ, சிகரெட் துண்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டுதானே ஓடுகிறது? அதை அப்படியே ஆற்றில் விடாமல் ஒரு பூங்காவுக்குள் திருப்பிவிடுவார்கள். முதல் குட்டையில் நிற்கும்போது மண் அடியில் படியும். பிறகு கோரையும் சம்புப் புல்லும் அடர்ந்த பாத்திகளுக்குள் புகுந்து மெதுவாக ஊர்ந்து வரும்போது அழுக்கை வேர்கள் வாங்கிக்கொள்ளும். அந்தப் பக்கம் வெளியே வருகிற தண்ணீரில் மீன் பிழைக்கும். பார்க்கிறவர்களுக்கு அது வாத்தும் மரப்பாலமும் சறுக்குமரமும் உள்ள பூங்கா. எனக்கு அது தண்ணீர் ஆஸ்பத்திரி. ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அப்படிப்பட்ட குட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். என் மகள் அனு தன் சிநேகிதிகளிடம், "எங்கம்மா சாக்கடைக்கு ஆயா" என்று இங்கிலீஷில் சொல்லிவைத்திருக்கிறாள். சொல்லட்டும். அந்த ஆயா சம்பளத்தில்தான் அவள் கிடார் கற்றுக்கொள்கிறாள்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில், இந்தக் குட்டை போதாது, தண்ணீர் களைத்துப் போய் வருகிறது, அது இன்னும் கொஞ்ச நேரம் படுத்து ரெஸ்ட் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்துவிட்டேன். மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. எனக்குக் கோபம் வந்து காது சூடாகிவிட்டது. அடுத்த வருஷம் அதே பூங்காவில் ஒரு விளக்கப் பலகை வைத்தார்கள். மேலே பெரிய எழுத்தில், தண்ணீர் இங்கே ஓய்வெடுக்கிறது என்று போட்டிருந்தது. யார் சொன்னது என்று போடவில்லை. நானாகப் போய் எல்லோரிடமும் சொன்னேன்.

அந்தப் பூங்காவில் பெஞ்சுகளின் முதுகில் சின்னப் பித்தளைத் தகட்டில் இறந்தவர்கள் பெயர் இருக்கும். என் அக்கா மகன் சரவணன் பெயரில் ஒரு பெஞ்சு வைக்கலாமென்று கேட்டேன். அதற்கென்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. இறந்தவருக்கும் இந்தப் பூங்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். நான்தான் சம்பந்தம் என்றேன். அது போதாதாம். அவன் இங்கே நடந்திருக்க வேண்டும், உட்கார்ந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் இந்தப் பேட்டையில் குடியிருந்திருக்க வேண்டும். அவன் கடலூரைத் தாண்டியதே சிதம்பரம் வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

2

சரவணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் வசந்தி அக்காவும் சிதம்பரத்தில் பிறந்தவர்கள். அக்காவைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே பையன். அந்த டிசம்பர் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் அரைப்பரீட்சை லீவு. காலையில் எழுந்து பால் குடிக்காமல், வந்து குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிரிக்கெட் ஆடப் போனான்.

நான் அப்போது மெல்பர்ன் வந்து அதிக நாளாகவில்லை. டிவியில் வரைபடம் காட்டினார்கள். கடலூர் என்ற பெயரை வெள்ளைக்காரன் வாயில் அன்றுதான் முதல்முறை கேட்டேன். ஒரு லைனும் கிடைக்கவில்லை. மறுநாள்தான் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, பேசினார். "பையன் இன்னும் வர்லம்மா சுமதி. சைக்கிள் மட்டும் ரோட்டு முனையில பூட்டுனபடியே நிக்கிது" என்றார். அவன் வரவேயில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. நான் அங்கே இல்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யாராவது கேட்டால் அவர்களோடு சண்டைக்குப் போவேன்.

அதிலிருந்து அக்கா கடலைப் பார்க்கவில்லை. கிழக்குப் பக்கத்து ஜன்னலை ஆணி அடித்து மூடச் சொன்னாள். வீட்டில் மீன் வாங்குவதில்லை. கல்யாணம் காட்சிக்கு ஆட்டோவில் போனால்கூட, "பீச் ரோடு வேணாம்ப்பா, சுத்திக்கினு போ" என்பாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் ஊர் ஜனம் கடற்கரைக்குப் போய்ப் பாலும் பூவும் விடும். மாமா ஒரு சொம்பில் பச்சைப்பால் எடுத்துக்கொண்டு தனியாகப் போய் ஊற்றிவிட்டு வருவார். அக்கா சொம்பைக் கழுவி வைப்பதோடு சரி. போனாயா, வந்தாயா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

3

போன வருஷம் மழைக்காலம் தொடங்கியபோது அக்காவே போன் செய்தாள். எங்களுக்கிடையே நான்தான் போன் செய்வது வழக்கம். என்னமோ ஏதோ என்று எடுத்தேன்.

"சுமதி, இங்க ஒரு பார்க்கு கட்டறாங்கடி. மழை பேஞ்சா இடுப்பளவு தண்ணி நிக்குமே, அந்தப் பள்ளத்துல. நீ அங்க பாத்துக்கிற மாதிரி கொளம், கோரை எல்லாம் உண்டாம். நடக்கறதுக்குப் பாதை, புள்ளைங்களுக்கு ஊஞ்சல். ஒரு பக்கம் கருங்கல்லுல சுனாமியில போனவங்க பேர் வெட்டுறாங்க. சரவணன் பேரும் இருக்குதாம். மாமா போயி பாத்துட்டு வந்தாரு."

"நீ போனியாக்கா?"

"தெறக்கட்டும். இருவத்தாறாம் தேதி தெறக்குறாங்க. நான் அந்தக் கொளத்துல பால் ஊத்துறேன்டி. கடல் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன். கொளம் பரவால்ல. கொளம் நல்லது. நம்ம செதம்பரத்துல எவ்ளோ கொளம், எது யாரை என்னா பண்ணிச்சு?"

தன் பிள்ளைக்குத் தன் கையால் ஒரு டம்ளர் பால். இத்தனை வருஷத்தில் அவள் வாய்திறந்து கேட்டது இது ஒன்றுதான். நான் டிக்கெட் போட்டேன். அனுவுக்குச் சிநேகிதிகளோடு கடற்கரைக் கூடாரத்தில் புத்தாண்டு கொண்டாடும் உத்தேசம் இருந்தது. பெரிய ரகளை செய்தாள். கூட்டிக்கொண்டுதான் வந்தேன்.

4

கடலூர் வந்த கையோடு சிதம்பரத்தில் இருக்கும் அண்ணனைப் பார்த்துவர மூன்று பேரும் பஸ் ஏறினோம். அக்கா ஜன்னலோரம், நடுவில் அனு. அனு பேசுகிற தமிழ் கால் தமிழ். அதுவரை கேள்விக்கு ஒரு வார்த்தை, அதற்கு மேல் போன். ஆலப்பாக்கம் தாண்டியதும் என்ன தோன்றியதோ, போனைப் பையில் போட்டுவிட்டு, "பெரியம்மா, சரவணன் அண்ணா இருந்தா இப்ப என்ன பண்ணிட்டு இருப்பாங்க?" என்றாள்.

அந்தப் பெயரை எடுத்தால் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள், பஸ்ஸில் எங்கே போவாள்?

அக்கா ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "இன்னா பண்ணுவான், கல்யாணம் ஆயிருக்கும். பொண்டாட்டிகூட சண்ட போட்டுக்கினு இருப்பான். அவனுக்கு வாய் ஜாஸ்தி" என்றாள். பிறகு சிரித்தாள். அனுவும் சிரித்தாள். அதன் பிறகு சிதம்பரம் வரும் வரைக்கும் அவன் எப்படி ஸ்கூல் பையைக் கட்டிலுக்கு அடியில் ஒளிப்பான், கத்திரிக்காய் வைத்தால் தட்டை எப்படித் தள்ளுவான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்களெல்லாம் அவளுக்கு நோகும் என்று பயந்து பயந்து கேட்காமலேயே இருந்துவிட்டோம் போலிருக்கிறது. அவள் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கிறாள்.

அனு நமக்கெல்லாம் இல்லாமல் போய்விட்டாள் என்று நான் மெல்பர்னில் புலம்பாத நாளில்லை. அன்றைக்கு மட்டும் அந்தப் புலம்பலை வாபஸ் வாங்கினேன்.

5

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் பூங்காவைப் பார்க்கப் போனேன். நன்றாகவே செய்திருந்தார்கள். தெருத் தண்ணீர் வந்து விழ ஒரு குட்டை, நடுவில் வளைந்து வளைந்து சம்புப் பாத்தி, அதைத் தாண்டித் தெளிந்த குளம், குளக்கரையில் கருங்கல் சுவர். சரவணன் பெயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், நாலு பேர் கூடையில் எதையோ அள்ளி அள்ளி வீசுகிறார்கள். பிளீச்சிங் பவுடர்! பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, அது போதாதென்று சம்புப் பாத்திக்குள்ளும் வீச்சு. இன்னொருவர் அரிவாளோடு சம்பை அறுக்க இறங்குகிறார்.

நம் ஊரில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் பிளீச்சிங் பவுடர் போட்டாக வேண்டும். கல்யாண வீட்டுக்குக் கோலம் மாதிரி. ஆனால் இந்தக் குளத்துக்கு அது விஷம். வேரில் ஒட்டி அழுக்கைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத ஜீவனெல்லாம் செத்துப்போகும். நான் போட்ட கூச்சலில் ஊஞ்சலுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் தூரிகையைக் கீழே போட்டுவிட்டார்.

"யார்யா உங்களுக்குச் சொன்னது? ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவன் வாயில பினாயில் ஊத்துவீங்களா?"

ஒப்பந்தக்காரரின் இன்ஜினியர் தினேஷ் ஓடிவந்தார். முப்பது வயது இருக்கும். நான் யார், என்ன வேலை என்று சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "மேடம், வழக்கமா போடுறதுதான்னு போட்டுட்டாங்க மேடம். புதர் மண்டிக் கெடக்குது, வர்றவங்க திட்டுவாங்கன்னு அறுக்கச் சொல்லிட்டாங்க."

"அந்தப் புதர்தான் தம்பி உங்க மெஷினு. அதை அறுத்துட்டா அப்புறம் இது வெறும் சாக்கடை."

அவர் நல்ல பிள்ளை. உடனே ஆட்களை நிறுத்தினார். பவுடர் விழுந்த மேல்மண்ணை எல்லோருமாகச் சுரண்டி அள்ளினோம். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். எல்லாம் முடிந்து கை கழுவும்போது தினேஷ், "வேற எதாச்சும் பாத்துக்கணுமா மேடம்?" என்று கேட்டார்.

நான் பெரிய மேதாவி ஆயிற்றே. "நாளைக்கு ஜனம் பாலோட வரும். குளத்துல பால் விட விடாதீங்க. பால் அழுகுறப்ப தண்ணிக்குள்ள இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்துக்கும், மீன் மல்லாந்துடும். பலகை வச்சிடுங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் அக்கா ஞாபகத்துக்கு வந்தாள். அவளுக்கு எப்படியாவது ஒரு வழி பண்ணலாம், ஒரே ஒரு டம்ளர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவளிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

6

மறுநாள் காலையில் அக்கா குளித்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் பால் எடுத்துத் தட்டு போட்டு மூடிக்கொண்டாள். அது சரவணன் டம்ளர். அவன் பெயர் வெட்டியிருக்கும். மாமாவும் அனுவும் நானும் கூடவே நடந்தோம். திறப்பு விழா முடிந்து, வந்த பெரிய மனிதர்கள் கிளம்பியிருந்தார்கள். குளத்துப் படியில் புதுப் பலகை. பால், எண்ணெய், பூ, தின்பண்டம் எதுவும் குளத்தில் போடக் கூடாது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. பக்கத்தில் காவலாளி நின்று தடுத்துக்கொண்டிருந்தார்.

"ஊத்தக் கூடாதும்மா. ஆஸ்திரேலியாலருந்து ஒரு மேடம் வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. மீன் செத்துப் போவுமாம்."

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "நீயாடி?"

"நான்தான்க்கா."

"ஒரு டம்ளர்டி. ஒரு டம்ளர் பால்ல ஒன் கொளம் செத்துடுமா?"

"உன் டம்ளர்ல சாகாதுக்கா. பின்னாடி பாரு."

பின்னால் வரிசையாகப் பெண்கள் நின்றார்கள். சொம்பு, குடம், பால் பாக்கெட். எல்லார் முகமும் எங்களைத்தான் பார்த்தது.

"உனக்கு விட்டுட்டு அவுங்களை எப்படிக்கா வேணாங்கறது?"

"அவுங்க கடல்ல போயி ஊத்திக்கட்டும்!" அக்கா கத்தினாள். "அவுங்களால முடியுது. என்னால முடியலயே! எனக்குன்னு ஒரு தண்ணி வந்துதேன்னு இருந்தேன். அதையும் நீ வந்து பூட்டிட்டியே!"

மாமா, "வசந்தி, வுடு" என்றார். இந்த வேலையும் வேண்டாம், இந்தக் குளமும் வேண்டாம், பலகையைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று பார்த்தேன். நிஜமாகவே கையை வைத்துவிட்டேன். பெயிண்ட் உள்ளங்கையெல்லாம் ஒட்டியது.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். டம்ளர் மடியில். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள். "இந்தத் தண்ணி இங்கியேதான் கெடக்குமா?"

தண்ணீரைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லியே பழகிப்போன வாய். "இல்லக்கா. தெருத் தண்ணி மொதல்ல அந்தக் குட்டையில நின்னு ரெஸ்ட் எடுக்கும். அப்புறம் சம்புக்குள்ள பூந்து சுத்தமாகி இந்தக் குளத்துக்கு வரும். ரொம்பி அந்த மதகு வழியா வாய்க்கால்ல இறங்கும். வாய்க்கால் கெடிலம் ஆத்துல போய்ச் சேரும்…"

அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடலூர்க்காரிக்கு மிச்சம் சொல்ல வேண்டுமா?

"கெடிலத்துலருந்து கடலுக்கு" என்றாள் அக்கா. "அப்ப இதுவும் அதுகிட்டதான் போவுதா."

பிளீச்சிங் பவுடரை அந்தச் சம்பில் மட்டுமா போட்டார்கள், நான் இவள் தலையிலேயே கொட்டிவிட்டேன் என்று இருந்தது. கடலில்லாத ஒரு தண்ணீர் என்று நம்பி வந்தவளிடம் அப்படி ஒரு தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள். "எங்க வெளிய போவுது? காட்டு."

"எதுக்குக்கா?"

"காட்டுடின்னா."

சம்புப் பாத்தியைச் சுற்றிக் குளத்தின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதகில் தண்ணீர் சலசலவென்று இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மழை பெய்த வருஷம், நல்ல வேகம். அக்கா குனிந்து பார்த்தாள்.

"இங்க ஊத்துனா போய்ச் சேருமா?"

"சேரும்க்கா. இங்க ஊத்தலாம். இது ஓடுற தண்ணி, நிக்காது. மீனுக்கும் ஒண்ணும் ஆவாது." என் வேலையில் எத்தனையோ முறை அனுமதி கொடுத்திருக்கிறேன். இதைப்போல் ஒன்றைக் கொடுத்ததில்லை.

அவள் தட்டை எடுத்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல ஊற்றினாள். வெள்ளையாக ஒரு கோடு தண்ணீரில் இறங்கி, நீண்டு, வாய்க்காலில் போயிற்று. அக்கா அதன் பக்கத்திலேயே கரைமேல் நடந்தாள். பத்தடி போவதற்குள் பால் கரைந்துவிட்டது. அவள் நிற்கவில்லை.

பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருவராக மதகில் குனிய ஆரம்பித்தார்கள். தினேஷ் மூச்சு வாங்க ஓடிவந்தார். "மேடம், இப்ப போர்டுல என்னா எழுதறது?"

"அம்புக்குறி போட்டு, பால் ஊற்றும் இடம்னு எழுதுங்க தம்பி. கோடு நேரா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா பின்னாலேயே ஓடினேன்.

வாய்க்கால் முடிந்து ஆற்றங்கரை வந்தது. அங்கே நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நின்றாள்தான். காற்றில் உப்பு வாடை வந்தது. அனு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள். அக்கா அனுவின் கையை விடாமல் ஆற்றோடு நடந்தாள். நானும் மாமாவும் பின்னால். மாமா செருப்பு அறுந்ததைக்கூட நின்று பார்க்கவில்லை.

வழியில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த ஊரில் யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. மணல் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் கடல், பெரிதாக, பழுப்பாக, தன்பாட்டுக்கு அலை அடித்துக்கொண்டு கிடந்தது.

அக்கா ஈர மணல் வரைக்கும் போனாள். ஒரு அலை வந்து காலை நனைத்தது. அவள் பின்வாங்கவில்லை. காலி டம்ளரை மார்போடு வைத்துக்கொண்டு, சாயங்காலம் வாசலில் நின்று தெருவில் ஆடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற அதே குரலில் சத்தமாகக் கேட்டாள்.

"டேய் சரவணா! பால் வந்துச்சாடா?"

இத்தனை வருஷமும் தனியாக வந்து ஊற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் வீடு திரும்பிய மாமா, அப்போதுதான் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அக்கா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.